கோப்பி-ஓ நிறத் தண்ணீரில் ஒரு குட்டி மீன்

பிள்ளைகள் இருக்கும் வீட்டில் ஆக்ஸலாட்டல் என்ற பெயர் இப்போது சகஜம். மைன்கிராஃப்ட் விளையாட்டில் வரும் அந்தச் சிரித்த முகத்து நீர்ப்பல்லி, இயற்கையில் மெக்சிகோ நகரத்துச் சொச்சிமில்கோ கால்வாய்களில்தான் மிஞ்சியிருக்கிறது. அதற்காக வருத்தப்படும் பிள்ளைகளுக்கு, அழியும் அபாயத்தில் இருக்கும் நம்ம ஊர் உயிர் ஒன்றையும் காட்டலாம்.

பெட்டா லிவிடா. சண்டை மீன் வகை. நீளம் நான்கு சென்டிமீட்டர்கூட இல்லை; சிவந்த உடல், ஆண் மீனின் விலாவில் பச்சைப் புள்ளி. பீட்டர் இங், மோரிஸ் கொட்டலாட் என்ற இரு ஆய்வாளர்கள் 1992-இல் இதற்குப் பெயர் வைத்தார்கள். சிலாங்கூரை விட்டால் உலகில் வேறெங்கும் கிடையாது.

இதன் வீடு, மலாயில் 'தானா காம்புட்' என்கிறோமே, அந்தச் சதுப்புக்காடு. விழுந்த இலையும் மரமும் தண்ணீரில் முழுதாக மக்காமல், ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் படிந்து உருவான நிலம். தண்ணீர் கோப்பி-ஓ நிறம். புளிப்போ ஆரஞ்சுச் சாற்றுக்குப் பக்கத்தில். பல மீன்களுக்கு ஆகாது. பிராணவாயு குறைந்த அந்தத் தண்ணீரில் இது மேலே வந்து காற்றையே சுவாசிக்கும். ஆண் மீன் நுரைக்கூடு கட்டி, முட்டைகளை வாயால் பொறுக்கி அதில் வைத்துக் காவல் காக்கும். அப்பா என்றால் இப்படி இருக்க வேண்டும்!

சிக்கல், தண்ணீர் வடிவதுதான். வெட்டுமரம் இழுக்கவும் செம்பனை நடவும் தோண்டிய கால்வாய்கள் காட்டை உலர்த்துகின்றன. உலர்ந்த காம்புட் மண்ணே எரியும். தரைக்கு அடியில் நாள்கணக்கில் புகையும். கிள்ளான்வாசிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2019-இல் ஜொகான் செத்தியாவில் எரிந்தது இதே வகை மண்தான். வானொலியில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீட்டை மணிக்கொரு முறை வாசித்த எனக்கும் அது மறக்காது. காய்வது மீனின் குளம், புகைவது நம் நுரையீரல்.

2021-இல் கோல லங்காட் வடக்கு வனக்காப்பகத்தில் 536 ஹெக்டருக்கு மேல் பாதுகாப்பிலிருந்து நீக்கப்பட்டது வெளியே தெரிந்தது. தெமுவான் பூர்வகுடியினரும் பொதுமக்களும் கொதித்தெழ, செப்டம்பரில் மாநில அரசு முடிவை மீட்டுக்கொண்டது. எதிர்ப்பு பலிக்காது என்பவர்களுக்கு இதைச் சொல்வேன்.

வடக்கே ராஜா மூசா காட்டில் வேலை இன்னும் சாதாரணமானது: பழைய கால்வாய்களைக் குறுக்கே அடைக்கிறார்கள், எரிந்த இடத்தில் மரக்கன்று நடுகிறார்கள். தன்னார்வலர்களும் போகலாம். பிரிக்பீல்ட்ஸிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது. சேறு முழங்காலைத் தொடும். பழைய சப்பாத்து போதும்.