சோபா வாங்குமுன் உம்மாவை இருத்திப் பாருங்கள்

உங்கள் வீட்டு முன் ஹோலை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். சுவரோரமாக ஒரு சோபா செட். மூன்று பேர் இருக்க ஒன்று, தனித்தனியே இரண்டு, நடுவில் ஒரு கண்ணாடி மேசை. வெயில் படாமல் திரைச்சீலை. பிள்ளைகள் ஏறி விளையாடினால் ஓர் அதட்டல்.

இனி உள்ளே வாருங்கள். அங்கே நீங்கள் எதில் இருக்கிறீர்கள்? கட்டில் ஓரத்தில், குசினிப் படியில், கால் ஆடும் பிளாஸ்டிக் கதிரையில். உங்களைப் பார்க்க வரும் ராத்தாவும் மாமியும் இருந்து கதைப்பதும் அங்கேதான். வீட்டிலேயே விலை கூடிய இருக்கை, வீட்டுப் பெண்கள் மிகக் குறைவாக இருக்கும் இடத்தில் கிடக்கிறது அல்லவா?

யாரையும் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. நானே செய்த பிழைதான் இது. மகளின் கலியாணத்துக்கு முன் மாதாந்தத் தவணையில் ஒரு சோபா எடுத்தோம். ஆங்கில 'எல்' எழுத்தைப் போல மடங்கிய, சாம்பல் நிறமான, தாழ்ந்த, அகன்ற சோபா. பார்த்தவர்கள் எல்லோரும் மெச்சினார்கள். எங்களோடு வந்து தங்கிய என் உம்மா மட்டும் ஒரு தடவை அதில் இருந்தார். எழும்ப முடியவில்லை. இரண்டு பேர் கையைப் பிடித்துத் தூக்கினோம். எல்லோரும் சிரித்தோம், உம்மாவும் சிரித்தார்.

அதன் பிறகு உம்மா ஹோலுக்கு வருவதே இல்லை. ஆட்கள் வந்தால் அறையிலிருந்தே ஸலாம் சொல்வார். கூப்பிட்டால், "எனக்கு இங்கேயே சுகம்" என்பார். பல மாதங்கள் சென்றபின் ஒருநாள் மெதுவாகச் சொன்னார்: "எழும்புறதுக்கு ஆளக் கூப்பிடுறது வெக்கமா இரிக்கி மகள்." ஒரு சோபா என் உம்மாவை அறைக்குள் ஒதுக்கிவிட்டது என்பது அன்றுதான் எனக்கு விளங்கியது.

சோபா எங்கிருந்து வந்தது?

'சோபா' என்பது மேல்நாட்டுச் சொல் என்றே பலரும் எண்ணுகிறோம். அதன் வேர் அறபுச் சொல்லான 'ஸுஃப்பா'. நிலத்திலிருந்து சற்று உயர்த்தி, மேலே விரிப்பு விரித்த திண்ணை போன்ற இடத்தை அது குறித்தது. மதீனாப் பள்ளிவாசலில் வீடற்ற ஸஹாபாக்கள் தங்கியிருந்த நிழல் இடமும் 'ஸுஃப்பா' என்றே அழைக்கப்பட்டது. அந்தச் சொல் துருக்கி வழியாக ஐரோப்பாவுக்குப் போய், மெத்தையும் முதுகுச் சாய்வும் பெற்று, நம்மிடம் திரும்பி வந்திருக்கிறது. 'திவான்' பாரசீகச் சொல். காலை நீட்டி வைக்கும் 'ஒட்டமன்' உதுமானியரின் பெயரைத் தாங்கியது.

அறபு நாடுகளில் சுவரோரம் மெத்தைகளும் திண்டுகளும் போட்டு விருந்தினரை இருத்தும் மஜ்லிஸ் வழக்கம் இன்றும் இருக்கிறது. ஐக்கிய அறபு இராச்சியம், சவூதி, ஓமான், கட்டார் ஆகிய நாடுகளின் இந்த மரபை 2015இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

நம் நாட்டு வீடுகளிலோ பன்பாயும் வாங்கும் திண்ணையும் இருந்தன. ஸஹனைச் சுற்றி நிலத்தில் அமர்ந்து உண்டோம். விறாந்தையில் வாப்பாவுக்கு ஒரு சாய்மனைக் கதிரை இருந்தது. ஒல்லாந்தர் 1658 முதல் 1796 வரை இங்கே ஆண்ட காலத்துக் கதிரைகளைக் கொழும்பு புறக்கோட்டையிலுள்ள ஒல்லாந்தர் நூதனசாலையில் பேணி வைத்திருக்கிறார்கள். பிரம்பு பின்னிய இருக்கையில் காற்றுப் புகும், வியர்வை தங்காது. நம் வெக்கைக்கு அது பொருத்தமான இருக்கை.

ஏன் இப்படித் தாழ்ந்து போனது?

பத்தொன்பதாம் நூற்றாண்டில் சுருள் கம்பி வந்த பிறகே மெத்தைக் கதிரைகள் துள்ளும் தன்மை பெற்றன. 1937இல் ஜேர்மனியில் ஒட்டோ பாயர் என்பவரும் அவரது குழுவினரும் பொலியூரத்தேன் என்ற பொருளைக் கண்டுபிடித்தார்கள். அதிலிருந்து பிறந்ததே இன்று நாம் 'ஸ்பொன்ஜ்' என்று சொல்லும் மெத்தை. அதை எந்த வடிவிலும் வெட்டலாம். எனவே சோபாவை எவ்வளவு தாழ்வாகவும் அகலமாகவும் செய்ய வழி பிறந்தது. படத்தில் அழகாகத் தெரிய வேண்டும் என்ற எண்ணமும் சேர்ந்துகொண்டது.

புதிய பாணி எல்லாமே பிழை என்று சொல்லிவிட முடியாது. 1927இல் ஷார்லொட் பெரியான் என்ற இளம்பெண் பாரிஸில் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் லு கோர்பூசியேயிடம் வேலை கேட்டுப் போனார். இங்கே நாங்கள் தலையணைக்குப் பூவேலை செய்வதில்லை என்று அவர் திருப்பி அனுப்பினாராம். ஆனால் பெரியான் செய்து காட்சிக்கு வைத்த தளபாடங்களைக் கண்டபின் அவரே அழைத்து வேலை கொடுத்தார். 1928இல் அவர்கள் சேர்ந்து வடிவமைத்த உருக்குக் குழாய்க் கதிரைகள் இன்றும் விற்பனையாகின்றன. மனித உடம்பு எப்படிச் சாய்கிறது, எப்படிக் காலை நீட்டுகிறது என்று பார்த்து அமைத்தவை அவை. 1940இல் ஜப்பானுக்குப் போன பெரியான், தம் சாய்வு இருக்கையை அங்கே கிடைத்த மூங்கிலிலேயே செய்து காட்டினார். உடம்பையும் ஊரையும் பார்த்துச் செய்வதே நல்ல பாணி என்பதற்கு இது ஓர் உதாரணம்.

அளவு நாடாவை எடுத்துக்கொள்ளுங்கள்

இருக்கையிலிருந்து எழும்பும்போது நம் உடம்பு என்ன செய்கிறது? பாதங்களைப் பின்னுக்கு இழுக்கிறோம்; உடம்பை முன்னே சாய்க்கிறோம்; கையை ஊன்றி எழுகிறோம். இருக்கை தாழ்ந்தால் முழங்கால் இடுப்பை விட உயர்ந்துவிடும். முழு வேலையும் தொடைக்கும் முழங்காலுக்கும் வந்துவிடும். சோபாவின் முன்பக்கம் நிலம் வரை மூடியிருந்தால் பாதத்தைப் பின்னுக்கு இழுக்கவும் இடமில்லை. என் உம்மாவுக்கு நேர்ந்தது இதுதான். கர்ப்பிணி மகளுக்கும், சிசேரியன் செய்து வந்த மருமகளுக்கும் இதே கஷ்டம்தான்.

கடைக்குப் போகும்போது இவற்றைக் கவனியுங்கள்:

உயரம்: ஆள் இருந்து மெத்தை அமுங்கிய பிறகு நிலத்திலிருந்து 16 முதல் 18 அங்குலம் இருக்கட்டும். முழங்கால் நோ உள்ள முதியவர்களுக்கு 18, 19 அங்குலம் நல்லது.

ஆழம்: முதுகு சாய்வில் படும்படி இருந்து பாருங்கள். முழங்காலின் பின்புறத்துக்கும் மெத்தை விளிம்புக்கும் இடையில் இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். பாதம் முழுமையாக நிலத்தில் பட வேண்டும். 24 அங்குலத்துக்கு மேல் ஆழமான சோபாவில் நம் பெண்களில் பலருக்குக் கால் தொங்கும். அல்லது முதுகு கூனும்.

கைப்பிடி: மெத்தையிலிருந்து 7 முதல் 9 அங்குல உயரத்தில், ஊன்றினால் அசையாத உறுதியுடன் இருக்கட்டும். தலையணை போல அமுங்கும் கைப்பிடி எழும்புவதற்கு உதவாது.

வழி: வாசல் அகலத்தையும் ஹோலின் நீள அகலத்தையும் எழுதிக்கொண்டு போங்கள். சோபாவுக்கும் மேசைக்கும் இடையில் ஒன்றரை அடியாவது வேண்டும். தொழுகைப் பாய் விரிக்கவும், பத்துப் பேர் வந்தால் ஸஹன் வைக்கவும் இடம் மிஞ்சுகிறதா என்றும் பாருங்கள்.

இருந்து தொழும் முதியவர் வீட்டில் இருந்தால், அமுங்காத இருக்கையுள்ள, கைப்பிடி இல்லாத ஒரு கதிரையும் தேவை. சோபா அதற்கு உதவாது.

மினுக்கத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம்

தோல் போல மினுங்கும் செயற்கைத் துணிகள் பலவற்றின் மேற்பூச்சு, நம் நாட்டின் சூட்டிலும் ஈரப்பதத்திலும் சில வருடங்களிலேயே செதில் செதிலாக உரியும். அதை ஒட்டவும் முடியாது, தைக்கவும் முடியாது. கழற்றித் துவைக்கக்கூடிய பருத்தி உறையே மேல். மருதமுனைக் கைத்தறித் துணியில் இரண்டு சோடி உறை தைத்து வைத்தால், ஒன்று கொடியில் காயும்போது மற்றது சோபாவில் இருக்கும். நம் பெண்கள் பலருக்கு அது வருமானமாகவும் அமையும்.

மெத்தையைக் கையால் அமுக்கிப் பார்த்தால் மட்டும் போதாது. ஸ்பொன்ஜின் அடர்த்தியைக் கேளுங்கள். ஒரு கன மீற்றருக்கு 30 கிலோ அல்லது அதற்குக் கூடியது இருக்கைக்கு நல்லது. அதைவிடக் குறைந்தது சீக்கிரம் குழி விழும். சோபாவைக் கவிழ்த்து அடிச்சட்டத்தையும் பாருங்கள். மரத்தூளை அழுத்திச் செய்த பலகை, தண்ணீர் பட்டால் ஊதிவிடும். 2016 மே மாத வெள்ளத்தில் கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கத்து வீடுகளில் நுழைந்த தண்ணீரை நாம் மறந்துவிடவில்லை. வெள்ளம் வரும் ஊரில் கால் உயர்ந்த மரச்சட்டமும் தனியே தூக்கி வைக்கக்கூடிய மெத்தையுமே புத்தி.

மொறட்டுவையில் மரத் தளபாடமும், கண்டி வீதியில் வேவல்தெனியவில் பிரம்புக் கதிரைகளும் செய்கிறார்கள். உங்கள் ஊர் ஓடாவியிடமும் அளவு சொல்லிச் செய்விக்கலாம். கடைச் சோபாவுக்கு உங்கள் வீட்டு அளவு தெரியாது. ஓடாவிக்குச் சொன்னால் விளங்கும்.

கலியாணப் பேச்சு நடக்கும் வீடுகளுக்கும் ஒரு வார்த்தை. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின் எத்தனையோ குடும்பங்கள் தவணை கட்டத் திண்டாடின. "சோபா செட் இல்லாமல் எப்படி?" என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்பார்களே என்று கடன்பட வேண்டாம். மாப்பிள்ளை வீட்டுப் பெண்களும் அப்படிக் கேட்கவேண்டாம். நல்ல இரண்டு கதிரையும் ஒரு வாங்கும் ஒரு பாயும் புதுக் குடும்பத்துக்குப் போதும்.

இருக்கும் சோபாவை என்ன செய்வது?

வீசிவிட வேண்டியதில்லை. நான் செய்ததைச் சொல்கிறேன். ஓடாவியை அழைத்துச் சோபாவின் கால்களுக்கு அடியில் மூன்று அங்குல மரக்கட்டை வைத்து ஆணியால் இறுக்கினோம். மெத்தைக்கு அடியில் ஒட்டுப்பலகை வைத்தோம். முதுகுப் பக்கம் ஒரு கெட்டியான திண்டு வைத்ததும் ஆழம் குறைந்தது. அதே ஓடாவி பதினெட்டரை அங்குல உயரத்தில், கைப்பிடியுடன் ஒரு பிரம்புக் கதிரையும் செய்து தந்தார். அதை முன் ஹோலில் போடவில்லை. நாங்கள் பெண்கள் கூடும் உள் ஹோலில், ஜன்னலோரம் போட்டோம்.

உம்மா வந்தார். இருந்தார். இரண்டு கையையும் ஊன்றித் தானாகவே எழும்பினார். மறுபடி இருந்தார். அன்று அஸருக்குப் பின் பக்கத்து வீட்டு மாமி வந்து, மஃரிப் வரை இருவரும் கதைத்துக்கொண்டிருந்தார்கள்.

சகோதரிகளே! அடுத்த முறை கடைக்குப் போகும்போது உங்கள் உம்மாவையோ மாமியையோ கூட்டிக்கொண்டு போங்கள். விலையைக் கேட்குமுன் அவரை இருத்திப் பாருங்கள். கை கொடுக்காமல் நில்லுங்கள். அவர் தானாக எழும்பினால், அதன் பிறகு நிறத்தைப் பற்றிப் பேசலாம்.