ட்ரையர் சூடாகலையா? காயிலை மாற்றும் முன்...

ஐப்பசி, கார்த்திகை வந்துவிட்டால் சென்னையில் துணி காயவைப்பது எவ்வளவு பெரிய பாடு என்று இங்குள்ள தோழியருக்கு நான் சொல்லத் தேவையில்லை. மொட்டை மாடிக் கொடியில் போட்டுவிட்டு இறங்குவதற்குள் மழை பிடித்துக்கொள்ளும். எங்கள் வீட்டிலோ மாமியார் படுத்த படுக்கை. தினமும் மூன்று விரிப்பு, நாலு நைட்டி சேரும். விரிப்பில் ஈரம் இருந்தால் முதுகு புண்ணாகிவிடும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். அதற்காகவே தவணையில் ஒரு ட்ரையர் வாங்கினோம்.

போன மழைக்காலத்தில் அது மக்கர் பண்ண ஆரம்பித்தது. ஒரு மணி நேரத்தில் காய்கிற விரிப்பு, இரண்டரை மணி ஓடியும் சில்லென்று வந்தது. மெக்கானிக் வந்தார். மெஷினுக்குப் பின்னால் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "காயில் போயிடுச்சும்மா, நாலாயிரம் ஆகும்" என்றார். மாசக் கடைசியில் நாலாயிரத்துக்கு எங்கே போவது? யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

எதிர் வீட்டு சார் மின்வாரியத்தில் இருந்து ரிட்டையர் ஆனவர். விஷயத்தைச் சொன்னதும், "ஏம்மா, சுத்தமா சூடே ஆகலையா? இல்லே, முதல்ல சூடாகி அப்புறம் ஆறிப்போகுதா?" என்று கேட்டார். ஓடவிட்டு, பத்து நிமிஷத்தில் நிறுத்திக் கை வைத்தேன். நன்றாகவே சுட்டது. அரை மணி கழித்து வெதுவெதுப்புகூட இல்லை. "அப்போ காயில் நல்லாத்தான் இருக்கு" என்றார்.

காயில் அறுந்திருந்தால் ஒரு நிமிஷம்கூடச் சூடு வராதாம். இரண்டு காயில் உள்ள மெஷினில் ஒன்று போனால், ஆரம்பத்திலிருந்தே அரைச் சூடுதான் இருக்கும். சூடாகி ஆறினால், காற்று வெளியே போக வழியில்லை என்று பெரும்பாலும் அர்த்தம். சூடு அளவு மீறியதும், தீப்பிடிக்காமலிருக்க உள்ளே இருக்கும் தெர்மோஸ்டாட் காயிலுக்குப் போகிற கரண்டை நிறுத்திவிடும். டிரம் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருக்கும். ஈரக் காற்றும் உள்ளேயே கிடக்கும், பிறகு துணி எப்படிக் காயும்?

பால்கனிச் சுவரில் ட்ரையர் குழாயின் வாயில் கை வைத்தால் காற்றே இல்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு இவர் குழாயைக் கழற்றினார். உள்ளே புறாக்கூடு! குச்சியும் அதில் சிக்கிய பஞ்சுமாக ஒரு முறம் நிறைய. (நல்லவேளை, முட்டை இல்லை.) அந்தப் பஞ்சு தீப்பொறி பட்டால் குப்பென்று பிடித்துக்கொள்ளும். காயிலை மட்டும் மாற்றியிருந்தால் அது அப்படியே அல்லவா இருந்திருக்கும்! அன்று ராத்திரியே விரிப்பு ஒரு மணியில் காய்ந்தது.

குழாய் வாயில் கம்பி வலை கட்டலாம் என்றார் இவர். வலையில் பஞ்சு அடைத்துக்கொள்ளும், வேண்டாம் என்று சார் தடுத்துவிட்டார். காற்று வந்தால் திறந்து, நின்றால் தானே மூடிக்கொள்கிற மூடி போட்டிருக்கிறோம்.

கதவோரம் உள்ள ஃபில்டரில் ஒவ்வொரு தடவையும் பஞ்சை எடுத்தால் மட்டும் போதாது. துணிக்கு கண்டிஷனர் ஊற்றுகிறவர்கள் அந்த வலையில் கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பாருங்கள். இறங்காமல் தேங்கி நின்றால் கண்டிஷனர் படலம் படிந்திருக்கிறது. சோப்புத் தண்ணீரில் பிரஷ் போட்டுக் கழுவி, காயவைத்து மாட்டினால் சரியாகிவிடும்.

சாயங்காலத்தில் மட்டும் சூடு குறைந்தால் வோல்டேஜைப் பாருங்கள். 230 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 184 வந்தால், ஐந்தில் ஒரு பங்குதானே குறைச்சல் என்று நினைப்போம். ஆனால் சூடு 64 சதவீதமாக இறங்கிவிடும். நான் இப்போது விடியற்காலையில்தான் போடுகிறேன். பவர் பிளக் கருகியிருந்தாலோ, தொட்டால் சுட்டாலோ உடனே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். பின்மூடியை நாமே கழற்றக் கூடாது.

எண்ணெய்க் குளியல் துண்டு, அடுப்படித் துணி எதையும் ட்ரையரில் போடாதீர்கள். துவைத்த பிறகும் எண்ணெய்ப் பிசுக்கு நிற்கும். சூட்டோடு குவித்து வைத்தால் தானாகவே தீப்பற்றக்கூடும். எங்கள் வீட்டில் வெள்ளி, சனி துண்டுகள் மட்டும், என்ன மழையானாலும், ஹாலில் ஃபேனுக்கு அடியில் கொடியில்தான் காய்கின்றன.

- ஒரு வாசகி, மடிப்பாக்கம், சென்னை.