முக்கோண வலையும் தோணியின் வளைவும்

ஆத்தூர் வெற்றிலை ஒன்றை எடுத்து நோக்குவோம். அதன் வளைவைச் சிறுசிறு காகித முக்கோணங்களை ஒட்டி அமைக்க முயன்றால், வடிவம் ஏறக்குறைய வந்துவிடும்; ஆயினும் ஒவ்வோர் இணைப்பிலும் ஒரு மடிப்பு நிற்கும். கணினிவழி வடிவமைப்பில் பலகோண வலை என வழங்குவது இத்தகைய உருவமே. ஒளிக்கதிர்க் கருவியால் ஒரு பொருளை அளந்தால் நமக்குக் கிடைப்பவை புள்ளிகளும், அவற்றை இணைக்கும் முக்கோணங்களுமே. முக்கோணங்களை எத்துணைப் பெருக்கினும் மடிப்புகள் சிறுக்குமேயன்றி மறையா. ஆயிரமாயிரம் புள்ளிகளை நகர்த்தி வடிவைத் திருத்துதலும் அரிது. எனவே வலையை வழுவழுப்பான பரப்பாக மாற்ற வேண்டியுள்ளது.

இதற்கு இரு வழிகள் சிறப்பாகக் குறிப்பிடத்தக்கன. முதலாவது பகுத்தல் முறை. ஒவ்வொரு பலகோணத்தையும் மேலும் பிரித்து, அண்டைப் புள்ளிகளின் சராசரியைக் கொண்டு புதிய புள்ளிகளை நிறுவுவர். இதனைத் திரும்பத் திரும்பச் செய்ய, வலை ஒரு வழுவழுப்பான பரப்பை நெருங்கும். 1978-இல் கட்மல், கிளார்க் இருவரும் ஒரு முறையையும், டூ, சாபின் இருவரும் மற்றொரு முறையையும் வெளியிட்டனர். இவ்வாறு படிப்படியாகச் செய்யும் கணிப்பு நெறிக்கு வழங்கும் 'அல்காரிதம்' என்னும் பெயர், 9-ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அறிஞர் அல்-குவாரிஸ்மியின் பெயரினின்றும் பிறந்ததென்பது நாம் நினைவிற் கொள்ளத்தக்கது. எனினும் சராசரி எடுப்பதால் புடைத்த பகுதிகள் சற்றே உள்வாங்கும்.

இரண்டாவது பொருத்தல் முறை. வலையை நாற்கோணப் பகுதிகளாக வகுத்து, ஒவ்வொன்றின் மீதும் 'ஸ்ப்ளைன்' பரப்புத் துண்டு ஒன்றைப் பொருத்துவர். சில கட்டுப்பாட்டுப் புள்ளிகளை நகர்த்தினாலே பரப்பு இசைந்து வளையும். துண்டுகள் கூடுமிடத்தில் இடைவெளி இருத்தலாகாது. திசை ஒன்றுதல் வேண்டும். வளைவின் அளவும் ஒன்றுதல் வேண்டும். இம்மூன்றாவது தவறினால் விரலுக்குப் புலப்படாமற் போகலாம். ஆனால் மேலே விழும் ஒளிக்கோடு முறிந்து காட்டிக் கொடுத்துவிடும்.

ஸ்ப்ளைன் என்பது கப்பல் வரைவோர் எடைக்கட்டிகளால் நிறுத்தி வளைத்த மெல்லிய மரப்பட்டை. 1946-இல் ஷோன்பெர்க் அப்பெயரைக் கணிதத்திற்கு உரியதாக்கினார். தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கேற்றிச் சென்ற மரத்தோணிகளிலும் இக்கருத்தே உறைகின்றது. ஏரா எனும் அடிக்கட்டை மீது நிற்கும் விலாச்சட்டங்களே கட்டுப்பாட்டுப் புள்ளிகள். அவற்றைத் தழுவி வளையும் பலகையே பரப்பு. தச்சரின் கண்ணளவும் கைப்பழக்கமுமே அதன் கணிதம்.

மரத்தோணிகள் அருகி வரும் இக்காலத்தில் அவ்வடிவங்களை அளந்து கணினியிற் காத்தல் நற்பணியாகும். ஆயினும் எச்சரிக்கை தேவை. எந்த மடிப்பு அளவையின் பிழை, எந்த விளிம்பு தச்சர் கருதி அமைத்தது என்பதைக் கணினி தானே அறியாது. எல்லாவற்றையும் ஒருசேர வழுவழுப்பாக்கினால் ஏராவின் கூர்மையும் கரைந்துபோம். ஆதலின் காக்க வேண்டிய விளிம்புகளை முதலிற் குறித்தல் வேண்டும். மாற்றிய பின், பரப்பு மூலப் புள்ளிகளினின்று எவ்வளவு விலகியுள்ளதென அளந்து பார்த்தல் வேண்டும்.

இப்பணிக்குக் கணினி மாணவர் மட்டும் போதார். தச்சரின் அருகமர்ந்து, தோணியின் உறுப்புகளுக்கு அவர் வழங்கும் பெயர்களைக் கேட்டெழுதும் தமிழ் மாணவரும் வேண்டும். வடிவும் சொல்லும் ஒருங்கே காக்கப்படுதல் வேண்டும் என்பதே நம் விழைவு.