திருப்பதிச் சீமையில் கோடை நீராட்டம்

பள்ளிக்கூடங்களுக்குக் கோடை விடுமுறை விட்டதும் நம் இல்லங்களில் எழும் முதற் கேள்வி, "இந்த ஆண்டு ஊருக்குப் போகிறோமா?" என்பதுதான். ஊர் என்றால் நம் குழந்தைகளுக்குத் தாமிரபரணி, காவிரி, அல்லது பாட்டி வீட்டுக் கிணறு. குளிப்பதற்கு நீரில்லாத இடத்தை அவர்கள் ஊராகவே ஒப்புக்கொள்வதில்லை. ஆனால் இரயில் முன்பதிவோ 2024 நவம்பர் முதல் 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கின்றது. திறந்த சிறிது நேரத்திலேயே தென்பாண்டி நாட்டு வண்டிகளில் இடம் தீர்ந்துவிடுகின்றது. பயணச்சீட்டுச் சாளரத்தின் உட்புறம் அமர்ந்திருப்பவர்களுக்கும் இதில் தனிச் சலுகை ஏதுமில்லை என்பதை அன்பர்கள் நம்ப வேண்டும்! ஆகவே நம்மவரிற் பலர் மே மாதம் முழுவதும் திருப்பதியிலும் இரேணிகுண்டாவிலும் சித்தூரிலும் வெயிலோடு போராடிக்கொண்டு இங்கேயே தங்கிவிடுகின்றனர். அவர்களுக்காகவே இக்கட்டுரை.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இச்சீமையில் கோடையிலே ஆற்றை நம்பிப் புறப்படுபவர் ஏமாந்தே திரும்புவர். நம் ஊர் ஆறு சுவர்ணமுகி. பொன்முகலி என்று தமிழிலக்கியத்திற் பெயர் பெற்றதும், கண்ணப்பர் வரலாற்றோடு கலந்ததுமான ஆறு இதுவே. சந்திரகிரிப் பக்கமிருந்து வந்து, திருச்சானூரைத் தொட்டு, திருக்காளத்திக் கோயிலின் அருகே ஓடி, நாயுடுபேட்டையைக் கடந்து வங்கக் கடலிற் கலக்கின்றது. 2021 நவம்பரில் இதே ஆறு கரை கடந்து சாலைகளையும் பாலங்களையும் அறுத்துக்கொண்டு போனதைப் பார்த்தவர்கள், அடுத்த ஆறாவது மாதத்தில் அதன் நடுவே வெறும் மணலைக் கண்டு திகைப்பார்கள். காரணம் எளிது. இங்கே பெருமழை ஐப்பசி கார்த்திகையில் பெய்வது. மலைச் சரிவு செங்குத்தானது. ஆற்றின் நீளமோ குறைவு. வந்த வெள்ளம் சில நாட்களில் கடலுக்குப் போய்விடுகின்றது. ஆடிப்பெருக்கன்று ஆற்றங்கரைக்குச் சித்திரான்னங்களுடன் போக விரும்பும் நம் பெண்மணிகளுக்கு இது மனத்தாங்கலான செய்திதான். ஆயினும் காளத்தியில் மாலை நேரத்து மணல் சுகமானது. சித்ரா பௌர்ணமியன்று குழந்தைகளுடன் நிலாச்சோறு உண்ண அதற்கு ஈடான இடம் அருகில் இல்லை. அதற்கு மேல் கோடையில் அந்த ஆற்றிடம் எதிர்பார்க்கலாகாது. மணல் அள்ளிய குழிகளிலே தேங்கி நிற்கும் நீரைக் கண்டு குழந்தைகள் ஆசைப்படலாம். அவற்றின் அருகே செல்லவே விடலாகாது. ஓரம் சரிந்து உள்ளே இழுத்துவிடும். ஆழமும் கண்ணுக்குப் புலப்படாது.

பின்னர்க் கோடை நீர் எங்கே இருக்கின்றது? மலையின் வயிற்றில் இருக்கின்றது. சேஷாசல மலைத்தொடரும், புத்தூர் நகரிப் பக்கத்து மலைகளும் அடுக்கடுக்கான பாறைகளால் ஆனவை. மழைநீர் அப்பாறைகளின் வெடிப்புகளில் இறங்கி, மாதக்கணக்கிற் கசிந்து, அடிவாரத்து இடுக்குகளில் ஊற்றாக வெளிப்படுகின்றது. ஆறு வற்றிய பின்னும் இவ்வூற்றுகள் சில வற்றுவதில்லை.

இங்கே சிறிது சொல்லாராய்ச்சியும் பயன்படும். தெலுங்கில் 'ஏரு' என்றால் ஆறு. நாம் ஏரி என்பதை அவர்கள் 'செருவு' என்பர். 'வாகு' என்பது காட்டோடை. 'கோன' என்பது மலையிடுக்கு. அருவிகள் பிறக்குமிடம் அதுவே. 'மடுகு' என்பது நம்முடைய 'மடு'வேதான். ஓர் இடத்தின் பெயரிலே கோன இருந்தால் குளிக்கலாமா என்று விசாரிக்கலாம். மடுகு இருந்தால், முன்னோர் ஆழத்தைக் கண்டுதான் அப்பெயரை இட்டனர் என்று கொள்ள வேண்டும். தடா அருவி என்று சென்னைவாசிகள் சொல்லும் இடத்திற்கு இங்குள்ள பெயர் உப்பலமடுகு. வரதய்யபாளையத்துக் காட்டில் நெடுந்தூரம் நடந்து அடைய வேண்டிய அவ்விடத்து மடுக்களில் இளைஞர் பலர் மூழ்கி மாண்டிருக்கின்றனர். குடும்பத்தோடு செல்வதற்கு அவ்விடத்தை நாம் பரிந்துரைக்க மாட்டோம்.

நாம் முதலிடம் தருவது கைலாசகோனைக்கு. கோனே அருவி என்று தமிழர் வழங்குவதும் இதுவே. அரக்கோணம் பாதையில் உள்ள புத்தூர் நிலையத்தில் இறங்கி, நாராயணவனம் வழியாக ஊத்துக்கோட்டைச் சாலையில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் சென்றால் மலையடிவாரம் வந்துவிடும். உயரம் பெரிதன்று. குற்றாலத்துப் பேரருவியை மனத்தில் வைத்துக்கொண்டு போகிறவர் முதலில் உதட்டைப் பிதுக்கக்கூடும். ஆனால் சித்திரை வெயிலிலும் நீர் விழுந்துகொண்டிருக்கின்றது என்பதே இதன் பெருமை. தலையில் விழும் நீர் அளவானது. வயோதிகர்களும் நின்று குளிக்கலாம். பக்கத்திலே சிவபெருமானுக்கும் அம்மைக்கும் சிறு கோயில் உண்டு. வழியிலுள்ள நாராயணவனத்தில் கல்யாண வேங்கடேசுவரர் சந்நிதி. பத்மாவதி திருமணம் நடந்த தலம் என்பது ஐதிகம். ஞாயிற்றுக்கிழமையில் சென்னையிலிருந்து வரும் கூட்டத்தால் நிற்க இடமிராது. வார நாளில், காலை எட்டு மணிக்குள் போய்ச் சேருவதே அறிவுடைமை. பாறைகளிற் பாசி படர்ந்திருக்கும், குழந்தைகள் ஓடக்கூடாது. எலும்பு முறிவுக்குப் பேர்போன புத்தூர்க் கட்டு அருகிலேயே கிடைக்கும் என்பது உண்மைதான். அன்பர்கள் அந்த ஊரை அக்காரணத்துக்காக அறிய வேண்டியதில்லை!

அடுத்தது தலகோனா. திருப்பதியிலிருந்து மேற்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர். பாகராபேட்டை வழியாகப் போய், நேரபைலு கிராமத்தைத் தாண்டினால் காடு தொடங்கிவிடும். 270 அடி உயரத்திலிருந்து விழும் இந்த அருவி ஆந்திரத்திலேயே உயரமானது என்பர். சித்தேசுவர சுவாமி கோயிலிலிருந்து சிறிது தூரம் நடக்க வேண்டும். மழைக்காலத்துத் தோற்றத்தைக் கோடையில் எதிர்பார்க்க இயலாது. நீர் மெலிந்து வெள்ளிக் கம்பி போல் இறங்கும். ஆனால் வெயில் நுழையாத அந்த அடர்ந்த நிழலே பாதி ஸ்நானத்துக்குச் சமம். குரங்குகளின் தொல்லை உண்டு. சோற்று மூட்டையைத் திறந்து வைத்துவிட்டு அருவியைப் பார்க்கலாகாது. இவ்விடம் 1989இல் அமைக்கப்பட்ட ஸ்ரீ வேங்கடேசுவரா தேசியப் பூங்காவுக்குள் அடங்கியது. ஆகவே, வனத்துறையார் காட்டும் பாதையை விட்டு விலகுவது குற்றம். அதிலும் சேஷாசலம் செம்மரக் காடு. 2015 ஏப்ரல் 7ஆம் நாள் தமிழகத் தொழிலாளர் இருபது பேர் காவலரின் துப்பாக்கிக்கு இரையானதும் இம்மலைத் தொடரிலேதான். தமிழ் பேசிக்கொண்டு இருட்டிய பின் காட்டுக்குள் அலைவது எவ்வகையிலும் உசிதமன்று. மாலை நான்கு மணிக்கெல்லாம் இறங்கிவிட வேண்டும்.

அருவியில் குளிப்பதற்கும் அருவிக் குட்டையில் நீந்துவதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. நீர் ஓயாமல் விழும் இடத்திற் பாறை குடையப்பட்டுக் கிணறு போலாகிவிடும். ஓரத்தில் முழங்கால் ஆழம் இருக்க, இரண்டடி தள்ளி ஆள் மூழ்கும் ஆழம் இருக்கும். மேலும், நுரைத்த நீரிலே காற்று கலந்திருப்பதால் அது உடலைத் தாங்கும் வலிமை குறைந்தது. நன்றாக நீந்தத் தெரிந்தவரும் அங்கே அமிழ்ந்து போவது இதனாலேதான். விழும் நீரின் கீழே தரையில் நின்று குளியுங்கள், குட்டையில் இறங்காதீர்கள். இந்த ஒரு விதியைக் கடைப்பிடித்தால் போதும்.

ஆழத்தைக் காட்டிலும் நாம் அஞ்சுவது கால்வாயை. கண்டலேறு அணையிலிருந்து சென்னைக்குக் கிருஷ்ணா நீரைக் கொண்டு செல்லும் கால்வாய் திருக்காளத்தி, வரதய்யபாளையம், சத்தியவேடு பக்கங்களைக் கடந்து ஊத்துக்கோட்டையை அடைகின்றது. 1983இல் இரு மாநிலங்களும் செய்துகொண்ட உடன்படிக்கையின் பயன் அது. 1996இல் முதல் நீர் தமிழ்நாட்டை அடைந்தது. ஆற்றில் நீரில்லாத கோடையிலும், திறந்துவிட்டிருக்கும் நாட்களில் அதிலே தெளிந்த நீர் நிறைந்து ஓடும். பார்க்கக் கண் குளிரும். ஆனால் கரை சாய்வானது. சிமெண்டுப் பூச்சு வழுக்கும். பற்றிக்கொள்ள ஒரு வேரோ புல்லோ இராது. மேலே அமைதியாகத் தோன்றும் நீர் உள்ளே விரைந்து இழுக்கும். இறங்கியவர் ஏறுவது கடினம். வண்டியை நிறுத்தி, "கால் மட்டும் நனைத்துக்கொள்கிறேன்" என்று சொல்லும் பிள்ளையைக் கையைப் பிடித்து நிறுத்துங்கள்.

ஏரிகளைப் பற்றி நெடிது சொல்ல வேண்டியதில்லை. இராயலசெருவு கடல் போன்ற ஏரி. 2021 நவம்பரில் அதன் கரை கசிந்து கீழேயுள்ள கிராமத்தார் வெளியேற்றப்பட்ட செய்தி நினைவிருக்கும். கரைமேல் நடந்து காற்று வாங்க உகந்தது. உள்ளே சேறும் கொடியும் மதகு இழுப்பும் உண்டு. கல்யாணி அணை திருப்பதிக்குக் குடிநீர் தருவது. அதில் குளிக்க நினைப்பதே முறையன்று.

உலக சுகாதார நிறுவனம் 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2021இல் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தனர். அவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கினர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். எனவே ஒவ்வொரு குடும்பமும் நீண்ட கயிறு ஒன்றையும், மூடியிட்ட வெற்றுப் பிளாஸ்டிக் குடம் ஒன்றையும் உடன் கொண்டுபோவது நலம். ஒருவர் தத்தளித்தால் குடத்தைக் கயிற்றிற் கட்டி எறியுங்கள். கயிறில்லையேல் சேலையையோ வேட்டியையோ வீசுங்கள். நீந்தத் தெரியாதவர் பின்னால் குதிப்பதாலேயே ஒரு வீட்டில் இரண்டு மூன்று சாவு நேர்கின்றது. கரை சேர்த்தவரைத் தலைகீழாகத் தூக்குவதும், வயிற்றை அமுக்கி நீரை வெளியேற்ற முயல்வதும் பழைய பழக்கங்கள். அவை தீங்கே செய்யும். மூச்சில்லையேல் உடனே வாயோடு வாய் வைத்துக் காற்று ஊதி, மார்பை அழுத்தும் சிகிச்சையைத் தொடங்கிவிட்டு, 108க்குத் தொலைபேசியில் அழைக்க வேண்டும்.

வெகுதூரம் செல்ல இயலாதவர்களுக்கு ஊருக்குள்ளேயே கபில தீர்த்தம் இருக்கின்றது. ஆழ்வார் தீர்த்தம் என்று வைணவர் சொல்வதும் அதுவே. மழைக்காலத்தில் மலையிலிருந்து அருவி நேரே திருக்குளத்தில் விழும் காட்சி அற்புதமானது. கோடையில் அருவி நின்று போகலாம். மலைமேல் பாபவிநாசனத்தில் அணைநீரைக் குழாய் வழியே விட்டிருக்கின்றனர். வரிசையாக நின்று பயமின்றித் தலையை நனைத்துக்கொள்ளலாம். கைக்குழந்தையும் வயோதிகரும் உள்ள குடும்பத்துக்கு அதுவே மிக ஏற்றது. கால்வலி இல்லாத இளைஞர் அடுத்த பங்குனிப் பௌர்ணமி வரை பொறுத்திருந்தால், தும்புரு தீர்த்த முக்கோடிக்குக் காட்டுவழியே நடந்து சென்று நீராடி வரலாம்.

கடலும் நமக்கு இப்போது அயலன்று. 2022 ஏப்ரல் 4ஆம் நாள் திருப்பதி மாவட்டம் அமைந்தபோது, வாகாடு மண்டலத்துத் தூபிலிபாலெம் கடற்கரையும் அதனுள் சேர்ந்தது. மெரினாவைப் போன்ற சந்தடி அங்கே இல்லை. அலையில் முழங்காலுக்கு மேல் இறங்க வேண்டாம் என்பதற்கு மேல் எச்சரிக்கை தேவையில்லை.

சித்தூர், பலமனேர்ப் பக்கத்து அன்பர்களுக்குக் கைகல் அருவி கிட்டியது. பலமனேரிலிருந்து குப்பம் செல்லும் சாலையில், கௌண்டின்ய வன உயிர்ச் சரணாலயத்தை ஒட்டி இருக்கின்றது. அப்பக்கத்து ஓடைகள் பாலாற்றுக்கு நீர் தருவன. கௌண்டின்ய நதி குடியாத்தத்தைத் தொட்டுச் செல்வதை வேலூர்ப் பக்கத்தார் அறிவர். யானைகள் நடமாடும் காடு அது. காட்டுக் காவலரைக் கேட்டுக்கொண்டு இறங்குங்கள். வெயில் தாழ்வதற்குள் சாலைக்கு வந்துவிடுங்கள்.