திமிங்கிலம் (தொன்மம்)

திமிங்கிலம் என்பது இந்தியத் தொன்மங்களில் கூறப்படும் மாபெரும் கடல் மீன் ஆகும். இன்று தமிழில் இப்பெயர் கடலில் வாழும் பாலூட்டிகளைக் குறிக்கிறது. திமிங்கலம் என்றும் எழுதுவர். பழைய நூல்களில் இச்சொல்லைக் காண்போர் இன்றைய விலங்கையே நினைத்துக்கொள்வதுண்டு. ஆனால் அங்கே கூறப்படுவது கற்பனை மீன்.

சொற்பிறப்பு

வடமொழியில் 'திமி' என்பது பெருமீன் ஒன்றின் பெயர். 'கில' என்றால் விழுங்குவது. எனவே திமியை விழுங்குவது திமிங்கிலம். வரிசை இத்துடன் நிற்கவில்லை. திமிங்கிலத்தையும் விழுங்குவது திமிங்கிலகிலம்! பெரிய மீன் சிறிய மீனை விழுங்கும் என்ற பழைய கருத்தே இப்பெயர்களில் அடுக்கப்பட்டுள்ளது. அரசன் இல்லாத நாட்டில் வலியவர் எளியவரை விழுங்குவர் என்பதை அர்த்தசாஸ்திரம் 'மத்ஸ்ய நியாயம்' (மீன்களின் நீதி) என்று குறிப்பிடுகிறது.

வங்காள மொழியில் இதே பாலூட்டியின் பெயர் 'திமி'. தமிழ், மலையாளம், கன்னடம் ஆகியவற்றில் திமியை விழுங்குவதன் பெயர் அதற்கு அமைந்தது. ஒரே விலங்கு ஓரிடத்தில் இரையாகவும் மற்றோரிடத்தில் அதைத் தின்பதாகவும் பெயர் பெற்றிருப்பது வேடிக்கையே.

இலக்கியத்திலும் சிற்பத்திலும்

பாலி மொழியிலுள்ள உதானம் என்னும் பௌத்த நூல், பெருங்கடலில் வாழும் திமி முதலிய உயிர்களுக்கு 100 முதல் 500 யோசனை வரை உடல் நீளம் கூறுகிறது. ஒரு யோசனையே பல கிலோமீட்டர். உலகின் மிகப்பெரிய விலங்கான நீலத் திமிங்கலமோ சுமார் 30 மீட்டர்தான்.

மத்தியப் பிரதேசத்தில் உள்ள பர்குத் தூபியின் சிற்பம் ஒன்றில் (கி.மு. 2-ஆம் நூற்றாண்டு) பெரிய மீன் ஒன்று வாயைத் திறந்து, ஆட்களோடு படகை விழுங்க முனைகிறது. 'திமிதிமிங்கில'த்தின் வயிற்றிலிருந்து வசுகுத்தன் மகாதேவனால் காப்பாற்றப்பட்டதாக அதிலுள்ள பிராமிக் கல்வெட்டு கூறுகிறது. கடல் வணிகர்களின் அச்சத்தைக் காட்டும் அரிய சான்று இது. சிற்பி செதுக்கியதும் மீனைத்தான்.

உயிரியலோடு ஒப்பீடு

உண்மையான திமிங்கலங்கள் மீன்கள் அல்ல. நுரையீரலால் மூச்சுவிட்டு, குட்டி ஈன்று பாலூட்டுபவை. நீலத் திமிங்கலம் உண்பது பெரும்பாலும் சிறிய கூனிகளையே. அதன் தொண்டை குறுகலானது என்பதால் படகை விழுங்குவது இயலாது. பெயருக்கு ஓரளவு பொருந்துவது கொலைத் திமிங்கலம் மட்டுமே. அது கூட்டமாகச் சென்று பிற திமிங்கலங்களை வேட்டையாடும்.