தூரம் வேறு, நேரம் வேறு

தில்லியிலிருந்து சென்னைக்கு ரயில் பாதையில் சுமார் 2,180 கி.மீ.; ஆகாய வழியில் சுமார் 1,760 கி.மீ.தான். ஆற்றைக் கடக்க நல்ல இடம், மலைச் சரிவு, வழியிலுள்ள ஊர்கள் எல்லாம் பார்த்துத்தான் ரயில்வேயில் லைன் போடுகிறோம், அதனால் வளைகிறது. ஆகாயத்தில் என்ன தடை, நேராகப் பறக்க வேண்டியதுதானே என்று பலரும் நினைக்கிறோம். அங்கும் மேடு பள்ளம் உண்டு.

நம் பிள்ளைகள் பலர் இருக்கும் சான்பிரான்சிஸ்கோவையே எடுத்துக்கொள்வோம். பேரக் குழந்தையின் பூகோள உருண்டையில் தில்லிக்கும் அந்த ஊருக்கும் இடையே ஒரு நூலை இழுத்துப் பிடியுங்கள். நூல் கிழக்கேயோ மேற்கேயோ போகாது; வடக்கே ஏறி, ஆர்க்டிக் கடலைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கும். அதுவே மிகக் குறுகிய வழி, சுமார் 12,400 கி.மீ. ஆனால் அது திபெத்தின் மேல் போகிறது. விமானத்துக்குள் காற்றழுத்தம் குறைந்தால் உடனே 10,000 அடிக்கு இறங்க வேண்டும். திபெத்தில் தரையே அதைவிட உயரம்! ஆகவே ஒதுங்கிப் போகிறார்கள்.

ஏர் இந்தியா 2015 டிசம்பரில் இந்த நேரடி விமானத்தைத் தொடங்கியபோது அட்லாண்டிக் வழியாகச் சுமார் 13,900 கி.மீ. பறந்தது. 2016 அக்டோபரில் பசிபிக் வழிக்கு மாற்றினார்கள். தூரம் சுமார் 15,300 கி.மீ. ஆனது. ஆனாலும் முதல் தடவை பதினாலரை மணியில் போய்ச் சேர்ந்தது, நேரம் குறைந்தது. காரணம் காற்று. அந்த உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே பலமான காற்று ஆறுபோல ஓடுகிறது. பின்னாலிருந்து அது தள்ளியதால் சராசரி வேகம் மணிக்கு 1,050 கி.மீ. ஆயிற்று. ஏற்றத்தைத் தவிர்க்க ரயில் பாதையைச் சுற்றிக் கொண்டுபோவோமே, அதே கணக்கு!

மூன்றாவது தடை மனிதன் போடுவது. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை நம் விமானங்களுக்கு மூடியது. தில்லியிலிருந்து மேற்கே போனவை அரபிக்கடல் பக்கம் சுற்ற நேர்ந்தது. அமெரிக்கா போன சில, வியன்னாவிலும் கோபன்ஹேகனிலும் இறங்கி எரிபொருள் நிரப்பின.

இதெல்லாம் நமக்கு எதற்கு? வீட்டில் ஒரு துக்கம் நேரும்போது "பையன் எப்போது வருவான்?" என்பதே முதல் கேள்வி. அதைப் பொறுத்தே காரியத்துக்கு நேரம் குறிக்கிறோம். கோடையில் அங்கே நம்மைவிடப் பன்னிரண்டரை மணி பின்தங்கிய நேரம், குளிர்காலத்தில் பதிமூன்றரை. கோடையில் அவன் வெள்ளி காலை 10 மணிக்கு ஏறினால் இங்கே அப்போதே வெள்ளி இரவு 10.30. பயணம் 16 மணி என்று வைத்தால், இறங்குவது சனி பிற்பகல் 2.30. பெட்டி எடுத்து வீடு வர இன்னும் இரண்டு மணி வையுங்கள். "வெள்ளி காலையே ஏறிவிட்டான்" என்பதைக் கேட்டு சனி காலைக்கு ஏற்பாடு செய்துவிட்டால், பெற்றவர் முகத்தை அவன் பார்க்க முடியாமல் போய்விடும்.

ஆகவே கிலோமீட்டரைக் கேட்காதீர்கள். விமான எண், இடையில் எங்கே நிற்கிறது, இந்திய நேரப்படி எப்போது இறங்குகிறது, இந்த மூன்றையும் கேட்டு எழுதி வையுங்கள். அங்கே போகும் பெரியவர்கள், சர்க்கரை மாத்திரையை வழியில் எந்தக் கடிகாரப்படி சாப்பிடுவது என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.