காளானும் நுண்ணலை அடுப்பும்

இடி இடித்தால் காளான் முளைக்கும் என்பர் நம் முன்னோர். மழை பெய்த மறுநாள் புற்றடியிலும் வேலியோரத்திலும் குடை விரித்து நிற்கும் காளானைத் தேடிப் பறித்து, மிளகும் சின்ன வெங்காயமும் சேர்த்துச் சமைத்து உண்பது நம் சிற்றூர்களின் நெடுநாள் பழக்கம். ஆண்டில் சில நாள்களே கிட்டிய அப்பொருள் இன்று 200 கிராம் பொட்டலமாக ஆண்டு முழுவதும் கடைகளில் கிடைக்கிறது. மைக்ரோவேவ் என்று நாம் வழங்கும் நுண்ணலை அடுப்பும் பல இல்லங்களில் இடம்பெற்றுவிட்டது. எனினும் பாலைக் காய்ச்சவும், ஆறிய குழம்பைச் சூடாக்கவும் மட்டுமே அது பெரும்பாலும் பயன்படுகிறது. அதில் காளானைச் சமைக்கலாமா, சமைத்தால் சத்து அழியுமா, உடலுக்குத் தீங்கு நேருமா என்னும் ஐயங்கள் தாய்மார்கள் பலருக்கு உண்டு. அவ்வையங்களை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்வோம்.

அடுப்பின் பிறப்பு

இரண்டாம் உலகப் போரில் பகைவரின் விமானங்களைக் கண்டறிய ரேடார் கருவி பயன்பட்டது. அதற்கு வேண்டிய நுண்ணலைகளை உண்டாக்கும் குழலுக்கு மேக்னெட்ரான் என்று பெயர். அமெரிக்காவின் ரேத்தியான் நிறுவனத்தில் அக்குழல்களோடு பணியாற்றியவர் பெர்சி ஸ்பென்சர். பள்ளிப் படிப்பையும் முடிக்காத இவர், தம் முயற்சியால் பொறியியல் கற்றவர். 1945-ஆம் ஆண்டு இயங்கிக்கொண்டிருந்த ஒரு குழலின் அருகே அவர் நின்றபோது, சட்டைப் பையில் இருந்த இனிப்பு உருகிப் போயிற்று. மற்றவர் துடைத்துவிட்டுச் சென்றிருக்கக்கூடிய இச்சிறு நிகழ்ச்சியை அவர் ஆராய முற்பட்டார். மக்காச்சோளத்தைக் குழலருகே வைத்தார், அது பொரிந்தது. 1947-இல் விற்பனைக்கு வந்த முதல் நுண்ணலை அடுப்பு ஆள் உயரமும் ஏறத்தாழ 340 கிலோ எடையும் உடையதாய் இருந்தது. சமையலறை மேடைமேல் வைக்கத்தக்க சிறு அடுப்பு 1967-இல்தான் அமெரிக்க இல்லங்களுக்கு வந்தது.

நெருப்பின்றி வேகும் விதம்

விறகடுப்பிலும் வாயு அடுப்பிலும் முதலில் பாத்திரம் சூடாகிறது. அதன்பின் உணவு சூடாகிறது. நுண்ணலை அடுப்பின் வழி வேறு. அதிலிருந்து எழும் அலைகள் ஒரு நொடிக்கு 245 கோடி முறை திசை மாறி அதிர்பவை. உணவில் உள்ள நீரின் மூலக்கூறுகள் அவ்வலைகளுக்கேற்பத் திரும்ப முயன்று ஒன்றோடொன்று உரசுகின்றன. அவ்வுரசலால் பிறக்கும் வெப்பமே உணவை வேகவைக்கிறது. உணவு உள்ளிருந்து வெளியே வேகிறது என்று பலர் கருதுவது சரியன்று. அலைகள் பொதுவாக ஓர் அங்குல அளவே உட்புகும்; அதற்கும் உள்ளே உள்ள பகுதி, வெளிப்பகுதியின் சூடு பரவுவதால் வேகிறது.

இவ்வலைகள் உணவில் தங்கிவிடுமோ என்று அஞ்ச வேண்டுவதில்லை. விளக்கை அணைத்தால் ஒளி எவ்வாறு மறைகிறதோ, அவ்வாறே அடுப்பை நிறுத்தியதும் அலைகளும் மறைகின்றன. கதவில் உள்ள உலோக வலையின் துளைகள் மிகச் சிறியன. அலையின் நீளமோ ஏறத்தாழ 12 சென்டிமீட்டர். ஆதலின் அவ்வலை அவற்றை வெளியே விடாது. கதவு வளைந்தோ உடைந்தோ போன அடுப்பை மட்டும் பழுது பார்க்கும்வரை இயக்கலாகாது.

காளானின் இயல்பு

நுண்ணலை அடுப்பு நீரைச் சூடாக்குவது. காளானோ நூற்றுக்கு 90 பங்குக்கு மேல் நீரால் ஆனது. எனவே அடுப்பு தன் வேலையைத் தொடங்கிய சில நொடிகளிலேயே காளான் சூடேறிவிடுகிறது.

மற்றொரு பொருத்தமும் உண்டு. காய்களை அளவுக்கு மிஞ்சி வேகவைத்தால் குழைந்துவிடும். இறைச்சியும் முட்டையும் இறுகிவிடும். காளான் அவ்வாறு எளிதில் கெடுவதில்லை. இறாலின் ஓட்டிலும் வண்டின் சிறகிலும் உள்ள கைட்டின் என்னும் பொருளே காளானுக்கும் கட்டமைப்பைத் தருகிறது. அது சமையல் வெப்பத்தில் கரைவதில்லை. நுண்ணலை அடுப்பில் ஓரிடம் மிகுதியாகவும் ஓரிடம் குறைவாகவும் சூடாவது இயல்பு. தட்டு சுழல்வதும் இதனை ஓரளவு ஈடுசெய்வதற்கே. இக்குறையைப் பெரிதும் பொறுத்துக்கொள்ளும் உணவு காளான்.

செய்முறை

200 கிராம் மொட்டுக் காளானை ஓடும் நீரில் விரைவாகக் கழுவித் துணியால் ஒற்றி எடுக்கவும். நெடுநேரம் நீரில் ஊறவிடலாகாது. அரை சென்டிமீட்டர் கனத்தில் நறுக்கி, அகன்ற கண்ணாடிக் கிண்ணத்தில் பரப்பவும். முழுக் காளானாக வைத்தால் உள்ளே அடைபட்ட நீராவியால் அது வெடித்துத் தெறிக்கக்கூடும். எவர்சில்வர் பாத்திரம், அலுமினியத் தாள், பொன் விளிம்பிட்ட பீங்கான் ஆகியவற்றை அடுப்பினுள் வைத்தல் ஆகாது, தீப்பொறி பறக்கும்.

எண்ணெயும் உப்பும் நீரும் இப்பொழுது வேண்டா. 800 வாட் வலிமையுள்ள அடுப்பாயின் மூடாமல் 2 நிமிடம் வைத்து, வெளியே எடுத்துக் கிளறி, மீண்டும் 2 நிமிடம் வைக்கவும். வலிமை குறைந்த அடுப்பாயின் சற்று நேரம் கூடும். கிண்ணம் நிறைய இருந்த துண்டுகள் பாதியாய்ச் சுருங்கியிருக்கும். அடியில் பழுப்பு நிறச் சாறு தேங்கியிருக்கும். அதனைக் கொட்டிவிடுதல் கூடாது. காளானின் மணமும், நீரில் கரையும் சத்துகளும் அதில்தான் உள்ளன. ரசத்திலோ குழம்பிலோ புலவுச் சோற்றிலோ அதனைச் சேர்த்துவிடலாம்.

இவ்வாறு வெந்த காளானில் வறுவலின் பொன்னிறமும் வாசனையும் இரா. நீர் உள்ளவரை அதன் மேற்பரப்பு கொதிநிலையைத் தாண்டிச் சூடாவதில்லை. சிவக்க வறுபட அதனினும் மிகுந்த சூடு வேண்டும். ஆதலின் நுண்ணலை அடுப்பையும் இரும்புச் சட்டியையும் சேர்த்துப் பயன்படுத்துவதே நலம். சட்டியில் இரண்டு தேக்கரண்டி எண்ணெய் விட்டு, கடுகு, கறிவேப்பிலை தாளித்து, சின்ன வெங்காயமும் பூண்டும் வதக்கி, சாறு வடித்த காளானைச் சேர்த்து 3 நிமிடம் வறுக்கவும். இறக்கும்பொழுது மிளகுத்தூள், சீரகத்தூள், உப்பு ஆகியவற்றைத் தூவவும். பச்சைக் காளானில் காற்றறைகள் நிறைந்திருப்பதால் அது பஞ்சுபோல் எண்ணெயை உறிஞ்சும். முன்னரே வெந்து சுருங்கிய காளான் அவ்வளவு உறிஞ்சுவதில்லை. நெஞ்சு நோயாளர்களும் எடையைக் குறைக்க விரும்புவோரும் உள்ள இல்லங்களில் இது பெரும் நன்மை.

சத்து அழியுமா?

ஸ்பெயின் நாட்டின் லா ரியோகா பகுதி ஆய்வாளர்கள் மொட்டுக் காளான், சிப்பிக் காளான் உள்ளிட்ட நான்கு வகைகளை வேகவைத்தும், பொரித்தும், அனலில் வாட்டியும், நுண்ணலை அடுப்பில் சமைத்தும் ஒப்பிட்டனர். எண்ணெயில் பொரித்தபோது புரதமும் தாதுப்பொருள்களும் குறைந்தன, கொழுப்பு கூடியது. அனலில் வாட்டியவற்றிலும் நுண்ணலையில் சமைத்தவற்றிலும் உடலின் அணுக்களைக் காக்கும் பாலிபீனால் என்னும் பொருள்கள் மிகுந்திருந்தன. 2017-ஆம் ஆண்டு அச்சில் வெளிவந்த இவ்வாய்வு நம் ஐயத்திற்கு நல்ல விடை அளிக்கிறது.

மொட்டுக் காளானில் அகாரிட்டின் என்னும் விரும்பத்தகாத பொருள் சிறிதளவு உண்டு. நுண்ணலை அடுப்பில் சமைக்கும்பொழுது அது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைகிறது என ஆய்வுகள் காட்டியுள்ளன. பச்சைக் காளானை உண்ணாது சமைத்து உண்பது நன்று என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மீந்த காளான் கறியைச் சூடாக்கினால் நஞ்சாகும் என்பதும் முழு உண்மையன்று. குளிர்பெட்டி இல்லாத காலத்தில் வெளியே கிடந்த காளான் விரைவில் கெட்டது. அவ்வச்சம் அதனால் பிறந்தது. ஆறியவுடன் குளிர்பெட்டியில் வைத்து, மறுநாளுக்குள் நன்கு கிளறி ஆவி பறக்கச் சூடாக்கி உண்ணலாம்.

அடுப்பால் ஆகாத ஒன்று

இங்கு நாம் வற்புறுத்திக் கூற வேண்டியது ஒன்று உண்டு. நுண்ணலை அடுப்பு கிருமிகளைக் கொல்லும். காளானின் நஞ்சைப் போக்காது. உயிர்க்கொல்லிக் காளான்களில் உள்ள அமடாக்சின் என்னும் நஞ்சு கொதித்தாலும், வறுத்தாலும், உலர்த்தினாலும் அழிவதில்லை. பூண்டு கறுக்கிறதா, வெள்ளிக் காசு கறுக்கிறதா என்று பார்க்கும் பழைய சோதனைகளுக்கும் அடிப்படை இல்லை. பூச்சி தின்ற காளான் மனிதருக்கும் ஏற்றது என்பதும் தவறான நம்பிக்கையே.

2022-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அசாம் மாநிலத்தில் காட்டுக் காளானை உண்டு பத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களுள் பலர் தேயிலைத் தோட்டப் பகுதிகளில் வாழ்ந்த எளிய மக்கள். இந்நஞ்சின் கொடுமை யாதெனில், உண்டவுடன் ஒன்றும் தோன்றாது. ஆறு மணி நேரத்திற்கும் மேலான பின்னரே வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கும். அவை தணிந்து நோயாளி தேறியதுபோல் தோன்றும் வேளையில் ஈரல் சிதைந்துகொண்டிருக்கும். ஆகவே காட்டுக் காளானை உண்டபின் வாந்தி கண்டால், தணியட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு விரைக. மீந்த காளானையும் கையோடு கொண்டு செல்க. மருத்துவர் அதனை அடையாளம் காண உதவும்.

கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரப்பிய பால் காளானும், சிப்பிக் காளானும், மொட்டுக் காளானும் இன்று எளிதில் கிடைக்கின்றன. வைக்கோலும் சிறு அறையும் இருந்தால் சிப்பிக் காளானை வீட்டிலேயே வளர்க்கவும் இயலும். இவ்வளவும் கைக்கெட்டும் தொலைவில் இருக்க, அடையாளம் அறியாத காளானைப் பிள்ளைகளின் தட்டில் இடுவானேன்? பயிரிட்ட காளானை வாங்குக, நன்கு வேகவைத்திடுக, குடும்பத்தோடு அமர்ந்து அச்சமின்றி உண்டு மகிழ்க.